அந்த ஆளுக்குப் போய் எப்படி வாதாடுறீங்க?

போன வருஷம் எனக்கு ஜூரி டூட்டி வந்துச்சு, அதாவது பொதுமக்கள்ல இருந்து ஆள் எடுத்து கோர்ட்ல கேஸைக் கேட்டுத் தீர்ப்பு சொல்ல வைக்கிறது. அமெரிக்க சிட்டிசன்ஷிப் வாங்கி மூணு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட்ல இருந்து லெட்டர். ஆபீஸ்ல சொன்னா ஆளாளுக்கு ஐடியா குடுக்கிறாங்க, கிறுக்கன் மாதிரி பேசு அனுப்பிருவாங்க, போலீஸ் சொன்னா பொய்தான்னு சொல்லு, இல்ல போலீஸ் சொன்னா சத்தியம்னு சொல்லு, ரெண்டுல எதைச் சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு. நான் ஒண்ணும் சொல்லல, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன், அதனாலயே என்னைப் பிடிச்சுப் போட்டுட்டாங்க. 14ஆம் நம்பர் சீட், ஆல்டர்னேட். அதாவது முழு கேஸையும் உக்காந்து கேக்கணும், ஆனா கடைசியில தீர்ப்பு பேசுற ரூமுக்குள்ள மட்டும் வரக் கூடாது. கல்யாணத்துக்குப் போய் மாலை மாத்துறது வரைக்கும் பாத்துட்டு சாப்பிடாம வர்ற மாதிரி.

கேஸ் பெருசா ஒண்ணும் இல்ல. ராத்திரி ஒரு கடையோட பின்கதவை உடைச்சு உள்ள போனதா ஒரு பையன் மேல குற்றச்சாட்டு. பையன்னா இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு வயசு இருக்கும், கறுப்பினப் பையன், ஒல்லியா. ரெண்டு நாள் நான் அவன் முகத்தை விட அவன் சட்டையைத்தான் அதிகமா பாத்தேன்னு நினைக்கிறேன். வெளிர் நீலச் சட்டை, அவன் அளவுக்கு ரெண்டு சைஸ் பெருசு, காலருக்குள்ள கழுத்து தனியா ஆடுது, கை நீளம் விரல் கணு வரைக்கும் வருது. முதல் நாள் காலையில நாங்க வரிசையா உள்ள நுழையும்போது எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும்ல, அப்போ அவனோட வக்கீல், அதுவும் ஒரு கறுப்பினப் பொண்ணு, முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும், சட்டுன்னு குனிஞ்சு அவனோட வலது கை கஃப்பை உள்பக்கமா ஒரு மடிப்பு மடிச்சு விட்டுட்டு நிமிர்ந்தா. மூணு செகண்ட் வேலை. ஸ்கூலுக்கு அனுப்பும்போது அக்கா தம்பிக்குச் செய்ற மாதிரி. ஜூரிக்குக் காட்டுறதுக்காகச் செஞ்சாளா இல்ல கை தானா போச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ரெண்டு நாளும் அரசுத் தரப்பு வக்கீல் அவனை "டிஃபெண்டன்ட், டிஃபெண்டன்ட்"னே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன்னே சொல்லிட்டிருந்தார், இவ மட்டும் ஒவ்வொரு தடவையும் மிஸ்டர் போட்டு பேரைச் சொல்லித்தான் பேசினா. இதெல்லாம் வக்கீல்களுக்குச் சொல்லிக்குடுக்கிற பாடம்னு எனக்கு அப்போ தெரியாது.

எங்கம்மா அப்போ கோவில்பட்டியில இருந்து வந்து எங்க வீட்ல இருந்தாங்க. கேஸ் நடக்கும்போது வெளிய பேசக் கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லியிருந்ததால வாயைத் திறக்கல, முடிஞ்சப்புறம்தான் சொன்னேன். அம்மாவுக்கு முதல் குழப்பமே வார்த்தையிலதான். நம்ம ஊர்ல கவர்மெண்ட் வக்கீல்னா குற்றம் சாட்டுற பக்கம் நிக்கிறவர். இங்க எதிர்ப்பக்கம் நின்னு அவனைக் காப்பாத்தப் பாக்கிற பொண்ணுக்கும், பப்ளிக் டிஃபெண்டர்னு பேர், கவர்மெண்ட்தான் சம்பளம்னதும், "ஏய்யா, அடைக்கிறதும் அவங்க, தொறக்கச் சொல்றதும் அவங்களா, திருடனுக்குப் போய் எதுக்குய்யா காசு குடுத்து வக்கீல் வைக்கணும்?"னு கேட்டாங்க. திருடுனானான்னு இன்னும் தெரியாதும்மான்னு சொன்னேன். "சரி, திருடியிருந்தா?"

அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. உண்மையில அந்த வேலை பாக்கிற எல்லாரும் கல்யாண வீடு, பர்த்டே பார்ட்டின்னு போற இடத்துல எல்லாம் எதிர்கொள்ற கேள்வி அது. அந்த ஆளுக்குப் போய் எப்படி வாதாடுறீங்க? எங்க தெருவுல ஒரு ரிட்டயர்ட் வக்கீல் இருக்கார், வாக்கிங் போகும்போது அவர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு "ட்ரீ எழுதின கட்டுரையைப் படி"ன்னார். மரமான்னு முழிச்சேன். சார்ல்ஸ் ஓகிள்ட்ரீ. கூட வேலை பாத்தவங்க, ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் அவர் ட்ரீ தான்.

பேரை கூகிள் பண்ணினா முதல்ல வர்றது எல்லாம் பெரிய பெரிய ஃபோட்டோ. ஒபாமாவுக்கும் மிஷெலுக்கும் ஹார்வர்ட்ல ப்ரொஃபசர், 1991ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் பதவிக்கு வந்த கிளாரன்ஸ் தாமஸ் மேல பாலியல் தொல்லை புகார் சொல்லி அனிடா ஹில் செனட் கமிட்டி முன்னாடி உக்காந்தப்போ அவங்களோட வக்கீல், டிவியில ஷோ நடத்தினவர். இதையெல்லாம் பாத்துட்டு ஓ, இவர் பெரிய இடத்து ஆள்னு நினைச்சு மூடப் போனேன். ஆனா அந்தக் கட்டுரையைப் படிக்கப் போய்தான் தெரிஞ்சது, இவர் வாழ்க்கையில எனக்கு முக்கியமான பகுதி இந்த ஃபோட்டோ எதுலயுமே இல்ல, அதுக்கெல்லாம் முன்னாடி வாஷிங்டன்ல ஏழு வருஷம் பப்ளிக் டிஃபெண்டரா இருந்தாரே அதுலதான் இருக்குன்னு. அந்த ஏழு வருஷத்தைப் பத்தித்தான் யாரும் அதிகமா பேசுறதில்ல.

பொறந்தது 1952 டிசம்பர் 31, கலிஃபோர்னியாவில மெர்செட். கலிஃபோர்னியான்னதும் நமக்கு கடற்கரையும் சினிமாவும் ஐடி கம்பெனியும்தான் ஞாபகம் வரும், இது அந்தக் கலிஃபோர்னியா இல்ல. நடுவுல நீளமா கிடக்கிற சென்ட்ரல் வேலி, கண்ணுக்கெட்டின தூரம் வயல், பாதாம் தோப்பு, வெயில் நம்ம ஊர் மாதிரி காயும். தெற்கு மாநிலங்கள்ல இருந்து பிழைப்பு தேடி மேற்கே வந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைய அங்க இறங்குச்சு. அவரோட அப்பா அலபாமாக்காரர், அம்மா ஆர்கன்சாஸ். அப்பா லாரி ஓட்டினார், அம்மா வீட்டு வேலைக்கும் போனாங்க, சீசனுக்கு சீசன் வயல்ல கூலி வேலையும் உண்டு. ரயில்வே தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மெர்செட், அந்தப் பக்கம் ஒரு மெர்செட், இவங்க இருந்தது ஏழைங்க பக்கம். தண்டவாளம் ஊரை ரெண்டா பிரிக்கிறதுன்னா என்னன்னு எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. தாத்தாவை பிக் டாடின்னு கூப்பிடுவாங்களாம். அவர்தான் பேரனைத் தூண்டில் போடக் கூட்டிட்டுப் போனவர், அந்தப் பழக்கம் ஓகிள்ட்ரீக்கு ஹார்வர்ட் ப்ரொஃபசர் ஆனப்புறமும் போகல, லீவு கிடைச்சா மீன் பிடிக்கப் போயிருவார்.

வீட்ல மூத்த பிள்ளை. மெர்செட் ஹைஸ்கூல்ல ஸ்டூடண்ட் தலைவரா இருந்து, 1971ல ஸ்டான்ஃபோர்டுக்குப் போறார். வயல்ல இருந்து ஸ்டான்ஃபோர்ட், தூரம் காரில ரெண்டு மணி நேரம்தான், ஆனா அதை எத்தனை பேர் கடந்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கங்க.

அங்க போய்ச் சேந்த மறு வருஷமே, 1972ல, ஒரு விஷயம் நடக்குது. பக்கத்துல சான் ஹோசே ஊர் கோர்ட்ல கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் மேல விசாரணை. 1970ல மரின் கவுண்டி கோர்ட்டுக்குள்ள ஆயுதத்தோட புகுந்து ஜட்ஜைப் பிணையா பிடிச்ச சம்பவத்துல ஜட்ஜ் உட்பட நாலு பேர் செத்துட்டாங்க, அதுல பயன்படுத்தின துப்பாக்கிங்க டேவிஸ் பேர்ல வாங்கினதுன்னு அவங்க மேல கொலை, கடத்தல், சதின்னு கேஸ். நாடே ரெண்டா நின்னு சண்டை போட்ட கேஸ் அது. இந்த 19 வயசுப் பையன் ஸ்டான்ஃபோர்ட்ல கறுப்பின மாணவர்களோட பத்திரிகையில இருந்தான், அதைக் காரணம் வச்சு கிட்டத்தட்ட தினமும் போய் கோர்ட்ல உக்காந்துட்டான். கோஷம் போடுறவங்க எல்லாம் வெளிய நின்னாங்க, இவன் உள்ள உக்காந்து வக்கீல்கள் எப்படி ஒரு சாட்சியை மெல்ல மெல்ல அவுக்கிறாங்கன்னு பாத்துட்டிருந்தான்.

அந்த கேஸ்ல டேவிஸ் தரப்பு வக்கீல்கள்ல ஒருத்தர் லியோ பிரான்டன். ஜூரி முழுக்க வெள்ளைக்காரங்க. கடைசி வாதத்துல அவர் என்ன பண்றார், ஜூரியைப் பாத்து கொஞ்ச நேரத்துக்கு நீங்க எல்லாம் கறுப்பினத்தவங்களா ஆகிக்கங்கன்னு கேக்கிறார். போலீஸைப் பாத்து ஒரு கறுப்பினப் பொண்ணு ஏன் ஓடி ஒளியணும், தப்பு பண்ணினவதான் ஓடுவான்னு உங்களுக்குத் தோணும், எங்க தோலுக்குள்ள வந்து பாருங்க அப்புறம் சொல்லுங்கன்னு முழு சரித்திரத்தையும் சொல்லி முடிச்சுட்டு, சரி இப்போ நீங்க திரும்ப வெள்ளைக்காரங்க ஆகிக்கலாம்னு முடிக்கிறார். 1972 ஜூன் 4, எல்லா குற்றச்சாட்டுலயும் விடுதலை. இதைப் படிச்சப்போ எனக்கு நாங்க ஜூரி பாக்ஸ்ல உக்காந்திருந்தது ஞாபகம் வந்துச்சு, 14 பேர்ல ஒரே ஒருத்தர்தான் கறுப்பினத்தவர், மத்தவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க, அப்புறம் நான். என்கிட்ட யாரும் இப்படிக் கேக்கல. கேட்டிருந்தா என்னால ஆகியிருக்க முடியுமா?

1975ல ஸ்டான்ஃபோர்ட்ல எம்.ஏ. முடிச்சு, அதே வருஷம் கல்யாணம், அதே வருஷம் ஹார்வர்ட் லா ஸ்கூல். பாஸ்டன் அப்போ கொதிச்சுக்கிட்டிருக்கு, கறுப்பினப் பிள்ளைங்களையும் வெள்ளைப் பிள்ளைங்களையும் ஒரே ஸ்கூல்ல சேக்கிறதுக்கு பஸ்ல மாத்தி மாத்தி அனுப்பணும்னு கோர்ட் உத்தரவு, அந்த பஸ் மேல கல்லெறியிற காலம். அடிமை முறையை ஒழிக்கப் போராடின ஊர்னு நினைச்சு வந்த கலிஃபோர்னியாப் பையனுக்கு இதுதான் வரவேற்பு. 1978ல பட்டம் வாங்கினார். ஹார்வர்ட்ல படிச்சு வெளிய வர்றவன் வால் ஸ்ட்ரீட் கம்பெனிக்குப் போவான், இவர் நேரா வாஷிங்டன் டிசி பப்ளிக் டிஃபெண்டர் சர்வீஸுக்குப் போனார்.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி இந்த வேலை எப்படி வந்துச்சுன்னு சொல்லிரணும். அமெரிக்காவில எல்லாருக்கும் வக்கீல் வச்சுக்கிற உரிமை அரசியல் சட்டத்துலயே ரொம்ப காலமா இருக்கு, ஆனா காசில்லாதவனுக்கு யார் வச்சுக் குடுக்கிறதுங்கிறது எழுதல. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில 1914லயே இப்படி ஒரு ஆபீஸ் ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா நாடு முழுக்க மாநில கோர்ட்டுங்கள்ல பெரிய குற்றச்சாட்டுன்னா வக்கீல் கட்டாயம்னு ஆனது 1963ல. அதுவும் ராத்திரி கடையை உடைச்ச கேஸ்தான், நான் கேட்ட கேஸ் மாதிரியே. ஃபுளோரிடாவில பனாமா சிட்டியில ஒரு பூல் ஆடுற கடையை உடைச்சு சில்லறைக் காசும் கூல்டிரிங்க்ஸும் எடுத்தான்னு கிளாரன்ஸ் கிடியன்னு ஒருத்தர் மேல கேஸ். எனக்கு வக்கீல் வேணும்னு கேட்டார், மரண தண்டனை கேஸுக்குத்தான் குடுப்போம்னு ஜட்ஜ் சொல்லிட்டார், தானே வாதாடித் தோத்து அஞ்சு வருஷம். ஜெயில்ல உக்காந்து பென்சில்ல சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதினார். மார்ச் 18, 1963, கோர்ட் அவர் பக்கம். ஆகஸ்ட்ல திரும்ப விசாரணை, இந்தத் தடவை பக்கத்துல ஒரு வக்கீல், ஜூரி ஒரு மணி நேரத்துல விடுதலைன்னு சொல்லிருச்சு. அதே கடை, அதே சாட்சி, கூட ஒரு வக்கீல் மட்டும்தான் எக்ஸ்ட்ரா.

ஆனா தீர்ப்பு குடுத்தது சுப்ரீம் கோர்ட், காசு குடுக்க வேண்டியது ஊர்ஊருக்கு மாநிலமும் கவுண்டியும். அப்புறம் என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா. 1973ல ஒரு தேசிய கமிஷன் ஒரு வக்கீல் வருஷத்துக்கு 150 பெரிய கேஸுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு, 150ங்கிறதே எவ்வளவுன்னு பாருங்க, லீவு நாள் கழிச்சா ஒரு கேஸுக்கு ரெண்டு நாள்கூட வராது, அதையும் தாண்டி எத்தனையோ ஊர்ல ஓடுச்சு. கிளையண்ட் பேரை கோர்ட் வராண்டாவில கூப்பிட்டு முதல் தடவையா முகத்தைப் பாத்து, அஞ்சு நிமிஷம் பேசி, குற்றத்தை ஒத்துக்கோ கம்மி தண்டனை வாங்கித் தரேன்னு முடிச்சு விடுறது. நாங்க டிவியில பாக்கிற மாதிரி ஜூரி முன்னாடி போற கேஸ் ரொம்பக் கம்மி, 2012ல சுப்ரீம் கோர்ட்டே எழுதினது, ஃபெடரல், அதாவது மத்திய அரசு கோர்ட்ல தண்டனை ஆகுறதுல 97 சதவீதமும் மாநில கோர்ட்ல 94 சதவீதமும் இப்படி ஒத்துக்கிட்டு முடியிறதுதான்னு. அதனால ஜெயில்ல இருக்கிறவங்க பப்ளிக் டிஃபெண்டருக்கு வச்ச பட்டப்பேர் பப்ளிக் ப்ரிட்டெண்டர், அதாவது வக்கீல் வேஷம் போடுறவர். 1970கள்ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பே ஒரு கைதியோட பதில்தான். கோர்ட்டுக்குப் போனப்போ வக்கீல் இருந்தாரான்னு கேட்டதுக்கு அவன் சொல்றான், இல்ல, பப்ளிக் டிஃபெண்டர்தான் இருந்தார்னு.

டிசி ஆபீஸ் இந்தக் கூட்டத்துல விதிவிலக்கு. 1970ல உருவானது, அதுக்கு முன்னாடி லீகல் எய்ட் ஏஜென்சின்னு பேர். பெரிய கேஸ்களைத்தான் எடுப்பாங்க, ஒரு ஆளுக்கு இத்தனைக்கு மேல கிடையாதுன்னு கண்டிப்பா வச்சுக்கிட்டாங்க, புதுசா சேர்றவங்களுக்கு கோர்ட்ல விடுறதுக்கு முன்னாடி வாரக்கணக்கா ட்ரெயினிங். டிசியில இன்னொரு விசித்திரம் இருக்கு, அது மாநிலமே இல்லாததால ஊர்க் குற்றத்துக்கும் எதிர்ல நிக்கிறது ஃபெடரல் அரசாங்கத்தோட அட்டர்னி ஆபீஸ். ஜனத்தொகையில அப்போ பத்துல ஏழு பேர் கறுப்பினத்தவங்க. சுப்பீரியர் கோர்ட்ல கைதானவங்களை முதல்ல கொண்டு வந்து நிறுத்துற ரூமுக்கு சி-10னு பேர், டிசியில கிரிமினல் வக்கீல்கிட்ட சி-10னு சொன்னா போதும், நம்ம ஊர்ல ஜி.ஹெச்.னு சொன்ன மாதிரி. ராத்திரி பிடிச்சவங்க எல்லாம் வரிசையா வந்து நிப்பாங்க, ஞாயித்துக்கிழமை தவிர தினமும்.

1978ல இருந்து 1985 வரைக்கும் ஓகிள்ட்ரீ அங்க இருந்தார். சாதாரண ஸ்டாஃப் வக்கீலா சேந்து, ட்ரெயினிங் டைரக்டர், ட்ரையல் சீஃப், கடைசியில டெப்டி டைரக்டர். இந்த ட்ரெயினிங் டைரக்டர் பதவிதான் எனக்கு முக்கியமாத் தோணுது. கிளையண்டை மிஸ்டர் போட்டுக் கூப்பிடணும், ஜூரி முன்னாடி அவன் பக்கத்துல ஒட்டி உக்காரணும், தோள்ல கை வைக்கணும், தொடப் பயப்படற மாதிரி இருந்தா ஜூரியும் பயப்படும், இதெல்லாம் இந்த மாதிரி ட்ரெயினிங்ல வாய்வழியா கைமாறி வர்றது. பல ஊர் ஆபீஸ்ல அலமாரி நிறைய சட்டை பேண்ட் டை எல்லாம் தானமா வாங்கித் தொங்கவிட்டிருப்பாங்க, ஜெயில் டிரஸ்ஸோட ஜூரி முன்னாடி வந்தா பாதி கேஸ் அங்கயே போச்சுன்னு. நான் பாத்த நீலச் சட்டை அப்படி ஒரு அலமாரியில இருந்துதான் வந்திருக்கணும்.

இப்போ அந்தக் கட்டுரைக்கு வரேன். 1993ல ஹார்வர்ட் லா ரிவ்யூவில வந்தது. அவர் கேக்கிற கேள்வி எங்கம்மா கேட்டதே தான், ஆனா கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கார். ஏன் இவங்களுக்கு வாதாடணும்ங்கிறதுக்கு நியாயம் நிறைய இருக்கு, ரெண்டு பக்கமும் மோதி உண்மையை வெளிய எடுக்கிற முறை, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தி வைக்கிறது, யாரையும் நிரூபிக்காம தண்டிக்கக் கூடாது, எல்லாம் சரி, புத்தகத்துல இருக்கு. ஆனா அந்த நியாயத்தை வச்சுக்கிட்டு ஒருத்தன் காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு, நேத்து தோத்த கேஸை மறந்துட்டு, இன்னைக்கு இன்னொரு ஆளுக்காகப் போய் நிப்பானா? மாட்டான். ரெண்டு மூணு வருஷத்துல கருகிப் போய் விட்டுட்டு ஓடுறாங்க. நியாயம் வேற, தாக்குப் பிடிக்கிறது வேறன்னு ஆரம்பிச்சு ரெண்டு விஷயம் சொல்றார். ஒண்ணு கிளையண்டோட உண்மையான பரிவு, கேஸ் ஃபைலா பாக்காம தனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளா, சிநேகிதனா நினைச்சு அவன் வீடு, அவன் அம்மா, அவன் வந்த வழின்னு எல்லாம் தெரிஞ்சுக்கிறது. இன்னொண்ணு நாயகத்தனம். அவ்வளவு பெரிய அரசாங்கத்தை எதிர்த்து இவனுக்காக நான் ஒருத்தன்தான் நிக்கிறேன், இதுல நான் ஜெயிக்கணும்ங்கிற வெறி.

இந்த ரெண்டாவது எனக்கு ஒத்து வரல, சொல்லிடறேன். ஹீரோ மாதிரி உள்ள வர்ற வக்கீல்களைக் கண்டா எனக்குக் கொஞ்சம் பயம், ஜெயிக்கிறதுக்காக ஆடுறவனுக்கு கிளையண்ட் ஒரு சீட்டுக்கட்டு ஆயிரலாம்ல. ஆனா யோசிச்சுப் பாத்தா பரிவு மட்டும் வச்சுக்கிட்டு வர்றவன் கூட உக்காந்து அழத்தான் செய்வான், குறுக்கு விசாரணையில போலீஸ்காரரை மடக்குறதுக்கு இன்னொரு சாமான் வேணும்தான். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும்ங்கிறார், அங்கதான் கஷ்டமே.

நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்த இடம் வேற. 1982ல, அவர் டிசியில வேலை பாத்துட்டிருக்கும்போது, கலிஃபோர்னியாவில அவரோட தங்கை கொலை செய்யப்பட்டாங்க. தங்கை போலீஸ் ஆபீசர். அண்ணன் டிசியில கொலைக் கேஸ்ல மாட்டினவங்களுக்கு வாதாடுறவர். அதை அவர் அந்தக் கட்டுரையிலயே வச்சு எழுதுறார், ஓரமா அடிக்குறிப்புல போடல. கொன்னவனைப் பிடிக்கணும்னு, தண்டிக்கணும்னு தனக்கும் தோணுச்சுங்கிறதை மறைக்கல. ஊர்ல காரியம் முடிஞ்சு டிசிக்குத் திரும்பி வந்து, மறுபடியும் அதே மேஜை, அதே மாதிரி கேஸ், எதிர்ல உக்காந்திருக்கிறவன் இன்னொருத்தரோட தங்கைக்கு என்ன பண்ணியிருப்பானோ. அவர் வேலையை விடல, அதுக்கப்புறமும் மூணு வருஷம் அங்கதான் இருந்தார்.

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, தூத்துக்குடியில. நான் அதுக்கு மேல இதை யோசிக்க விரும்பல. அவர் எழுதினதைப் படிச்சு நான் ஒத்துக்கிட்டேனான்னு கேட்டா தெரியாது, ஆனா எங்கம்மா கேட்ட "சரி, திருடியிருந்தா?"வை விட நூறு மடங்கு பெரிய கேள்வி தன் வீட்டு வாசல்ல வந்து நின்ன ஒரு ஆள் எழுதினது, ஏசி ரூம்ல உக்காந்து தத்துவம் பேசினவர் எழுதினது இல்ல, அது போதும் எனக்கு.

1985ல ஹார்வர்டுக்குக் கத்துக்குடுக்கப் போறார், 1993ல நிரந்தரப் பதவி. 1988ல சனிக்கிழமைப் பள்ளின்னு ஒண்ணு ஆரம்பிக்கிறார், லா ஸ்கூலுக்கு வந்துட்டு நமக்கு இங்க என்ன இடம்னு திணறுற கறுப்பின மாணவர்களுக்காக ஆரம்பிச்சது, யார் வேணா வரலாம்னு ஆயிருச்சு. 1990ல கிரிமினல் ஜஸ்டிஸ் இன்ஸ்டிட்யூட். ஹார்வர்ட் பிள்ளைங்க பாஸ்டன் ஏரியா கோர்ட்டுக்கெல்லாம் போய் ஏழைங்களுக்கு நிஜமான கேஸ்ல நிக்கணும். டிசியில ட்ரெயினிங் டைரக்டரா செஞ்ச வேலையைத்தான் வேற போர்டு மாட்டி செஞ்சார்னு தோணுது.

மத்த ஃபோட்டோவெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். அனிடா ஹில்லுக்கு வக்கீலா இருந்தப்போ அவருக்கு ஹார்வர்ட்ல இன்னும் நிரந்தரப் பதவி வரல, அந்த நேரத்துல போய் நின்னார்ங்கிறது கவனிக்க வேண்டியது. 1921ல ஓக்லஹோமா மாநிலத்து டல்சாவில வெள்ளைக்காரக் கும்பல் கறுப்பினத்தவங்களோட பேட்டையையே எரிச்சாங்களே, அதுல உயிர் பிழைச்ச கிழவன் கிழவிங்களுக்காக 2003ல நஷ்டஈடு கேஸ் போட்டார், ரொம்ப லேட்டா வந்துட்டீங்கன்னு கோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு, சுப்ரீம் கோர்ட்டும் கேக்கல. 2009ல கூட வேலை பாத்த ப்ரொஃபசர் ஹென்றி லூயிஸ் கேட்ஸை அவர் வீட்டு வாசல்லயே போலீஸ் கைது பண்ணினப்போ வக்கீல் இவர்தான். ஒரு கறையும் உண்டு, அதையும் சொல்லணும். 2004ல வந்த அவரோட புத்தகத்துல யேல் யுனிவர்சிட்டி ப்ரொஃபசர் ஒருத்தர் தொகுத்த புத்தகத்துல இருந்து ஆறு பத்தி கிட்டத்தட்ட அப்படியே வந்திருந்துச்சு. உதவியாளர்கள் வேலையில நடந்த குழப்பம், ஆனா பொறுப்பு என்னோடதுன்னு பகிரங்கமா ஒத்துக்கிட்டார். இதுக்காக அவரைக் கழுவி ஊத்தினவங்க நிறைய. ஒருத்தன் செஞ்ச மோசமான காரியத்தை மட்டும் வச்சு அவனை எடை போடாதீங்கன்னு வாழ்நாள் முழுக்க வாதாடின ஆளுக்கு, அவர் முறை வந்தப்போ ஜூரி கொஞ்சம் கண்டிப்பாத்தான் இருந்துச்சு.

2022ல கெடான்ஜி ப்ரவுன் ஜாக்சன் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆனாங்க. முதல் கறுப்பினப் பெண் ஜட்ஜ்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு, பப்ளிக் டிஃபெண்டரா வேலை பாத்துட்டு அங்க போன முதல் ஆளும் அவங்கதாங்கிறது ரெண்டாவது வரியில வந்துச்சு. 2005ல இருந்து 2007 வரைக்கும், அதே வாஷிங்டன்லதான், ஃபெடரல் பக்கத்து ஆபீஸ்ல. அவங்க செனட்ல சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். கிளையண்ட்ஸ்ல பல பேருக்கு தங்களுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியாம ஜெயிலுக்குப் போயிருக்காங்க, அதனால தான் ஜட்ஜ் ஆனப்புறம் எதிர்ல நிக்கிறவன்கிட்ட ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன நடக்குதுன்னு நேராப் பேசிச் சொல்வேன்னாங்க. எங்க கோர்ட்ல அந்தப் பையனும் அடிக்கடி வக்கீல் காதுல ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தான், அவளும் ஜட்ஜ் முறைக்க முறைக்க குனிஞ்சு பதில் சொல்லிக்கிட்டே இருந்தா.

அந்த வருஷம் ஓகிள்ட்ரீக்கு இதெல்லாம் எந்த அளவுக்குப் புரிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாது. 2016ல தனக்கு அல்சைமர்னு அவரே வெளிய சொன்னார், அப்போ 63 வயசு. சாட்சி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மனசுல வச்சுக்கிட்டு மடக்குறதுதான் தொழில், அந்த ஆளுக்கு அந்த நோய். 2023 பிப்ரவரியில மெர்செட் கவுண்டி கோர்ட் கட்டடத்துக்கு அவர் பேரை வச்சாங்க. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க இன்னைக்குக் கைவிலங்கோட உள்ள நுழையிறது அவர் பேர் போட்ட கட்டடத்துக்குள்ள. இதைப் பெருமைன்னு எடுத்துக்கிறதா வேற மாதிரி எடுத்துக்கிறதான்னு எனக்கு ரெண்டு மனசு. அதே வருஷம் ஆகஸ்ட் 4ஆம் தேதி மேரிலாண்ட்ல அவர் வீட்ல காலமானார். 70 வயசு.

எங்க கேஸ்? ஆல்டர்னேட்ங்கிறதால என்னை முன்னாடியே அனுப்பிட்டாங்க, மறுநாள் கிளார்க்குக்கு ஃபோன் போட்டுத்தான் கேட்டேன். ரெண்டு குற்றச்சாட்டுல ஒண்ணுல குற்றவாளி, ஒண்ணுல இல்ல. நான் உள்ள இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு வாக்கிங்ல பக்கத்து வீட்டு வக்கீல் கேட்டார், நான் பேச்சை மாத்திட்டேன்.

அம்மா ஊருக்குப் போய் ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல திடீர்னு கேட்டாங்க, "ஏய்யா, அந்தக் கறுப்புப் பையன் என்ன ஆனான்?" சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, பின்னாடி குக்கர் விசில் அடிக்குது. "அந்தச் சட்டையை அவன் திருப்பிக் குடுக்கணுமாக்கும்?"

தெரியலைம்மான்னேன்.